யாரும் இல்லாதவளாக ஒரு காலைப் பொழுது

1

எனக்கு எழுபத்தியொரு வயது. ஐந்து பேரை வளர்த்தேன். மூன்று நான் பெற்றது, இரண்டு என் நாத்தனார் விட்டுப் போனது. ஐந்தும் இன்றைக்குச் சொந்தக் காலில் நிற்கிறது. இதைச் சொல்லாமல் நான் எதையும் தொடங்குவதில்லை. ரேஷன் ஆபீஸில்கூட இதைச் சொல்லிவிட்டுத்தான் கார்டை நீட்டுவேன். அங்கே இருக்கிற மலையாளி கிளார்க், "அறியாம் அம்மே, அஞ்சு பேர்", தெரியும் அம்மா என்று, எனக்கு முன்னால் அவரே சொல்லிவிடுவார்.

நம் ஊர்ச் சங்கம் கோயில் கொடைக்குப் போடுகிற மலரில், வெளியே போய்ப் பிழைத்தவர்கள் நாலு வார்த்தை எழுத வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். துபாய்க்காரர்கள் எழுதுவார்கள், சிங்கப்பூர்க்காரர்கள் எழுதுவார்கள். கொச்சி மட்டாஞ்சேரி என்ன வெளிநாடா என்று சிலர் சிரிக்கலாம். சங்கரன்கோவிலில் பஸ் ஏறி, செங்கோட்டை தாண்டி மலையிறங்கினால் பொழுது சாய்வதற்குள் வந்துவிடலாம், உண்மைதான். ஆனால் இறங்கின இடத்தில் பஸ் போர்டு படிக்க முடியாது. பசித்தால் எப்படிக் கேட்பது என்று தெரியாது. என் கணக்கில் அது வெளிநாடுதான். இந்தச் சித்திரையோடு நான் இங்கே வந்து ஐம்பது வருஷம் ஆகிறது.

எனக்குத் தமிழ் எழுத்துக் கூட்டி வாசிக்க வரும், அவ்வளவுதான். அதனால் நான் சொல்லச் சொல்ல என் பேத்தி அனகா எழுதுகிறாள். அனகா என் கடைசி மகள் முத்துலட்சுமியின் பிள்ளை. மருமகன் மலையாளி. பேத்திக்குப் பள்ளிக்கூடத்து எழுத்து மலையாளம். தமிழ் எழுத்து முத்து வீட்டில் உட்கார்த்திவைத்துச் சொல்லிக் கொடுத்தது. மற்றப் பேரப் பிள்ளைகளுக்கு அதுவும் இல்லை. கோயம்புத்தூரில் இருக்கிற மூத்தவன் பிள்ளைகள் என்னிடம் இங்கிலீஷில் பேசுகிறார்கள், நான் மலையாளத்தில் திருப்பிக் கொடுக்கிறேன். என் பேச்சை நேராக்கி, புத்தகத்தில் வருகிற மாதிரி எழுது என்று அனகாவிடம் சொல்லியிருக்கிறேன். 'சாயா' என்று நான் சொன்ன இடத்தில் 'தேநீர்' என்று போட்டுவிட்டாள். அதை மட்டும் அடிக்கச் சொன்னேன். ஐம்பது வருஷமாகக் குடிக்கிறது சாயாதான். கொடைக்கு வரும்போது நீங்கள் அதற்காக என்னை 'மலையாளத்தா' என்று கேலி பண்ணுவதும் எனக்குத் தெரியும்.

2

முத்து செய்கிற வேலையை ஊரில் யாருக்கும் என்னால் விளக்க முடிந்ததில்லை. கம்ப்யூட்டர் என்று சொல்லி முடித்துவிடுவேன். இந்தத் தடவை முழுசாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்தத் தடவை எனக்கே புரிந்துவிட்டது.

அவள் ஒரு ஏஜென்ட்டைச் சோதிக்கிறாள். எனக்குத் தெரிந்த ஏஜென்ட் வில்லிங்டன் தீவுத் துறைமுகத்தில் வெள்ளைச் சட்டை போட்டு நிற்கிறவர். என் வீட்டுக்காரர் அங்கே சரக்குக் கிட்டங்கியில் பெட்டி சுமந்த காலத்தில் பார்த்திருக்கிறேன். கப்பல் வந்து நின்றால் அதற்குத் தண்ணீர் யார் கொடுப்பது, அரிசி யார், லாரி யார் என்று அவர்தான் ஆள் பிடித்துச் சேர்ப்பார்.

"அதேதான் அம்மே," என்றாள் முத்து. "ஆனா இது ஆளில்ல. மென்பொருள். தானே தேடும், தானே பேசும், தானே சேர்க்கும்."

"எங்க போயித் தேடும்?"

"ஒரு பொதுச் சந்தை இருக்குன்னு வெச்சுக்கோ. ஆட்டோக்காரர், ரூம் விடுறவங்க, கஞ்சி விக்கிறவங்க, எல்லாரும் 'என்கிட்ட இன்னது இருக்கு'ன்னு தானே எழுதி வெப்பாங்க. அந்தச் சந்தைக்கு முதலாளி கிடையாது. யாரும் கடை போடலாம், யாரும் உள்ள வரலாம்."

"அப்ப கள்ளனும் வருவான்."

"வருவான். அதுக்குத்தான் நான் இருக்கேன்."

ஏஜென்ட்டைச் செய்தவர்கள் பெங்களூரில் இருக்கிறார்கள். அது ஏமாறுமா, திணறுமா, பாதியில் கைவிடுமா என்று பார்க்கிறது என் மகள். எனக்கு இது சட்டென்று பிடிபட்டது. நான் மட்டாஞ்சேரி சுக்குக் கிட்டங்கியில் பொறுக்குகிற வேலை பார்த்தவள். நல்ல சுக்குக் குவியலில் பூச்சி விழுந்த சுக்கை மேஸ்திரி ஒளித்து வைத்துவிட்டுப் போவார். பொறுக்குகிறவள் அதை எடுத்தாளா, தாண்டிப் போனாளா என்று சாயங்காலம் தெரியும். முத்துவும் அப்படித்தான் ஒளித்து வைத்தாள். 'ஆஸ்பத்திரிக்கு அடுத்த கட்டடம்' என்று ஒரு பொய் ரூமைச் சந்தையில் போட்டாள், ரூமோ எங்கேயோ தூரத்தில் கும்பளங்கியில், மீன் குளத்துக்குப் பக்கத்தில். முதல் தடவை ஏஜென்ட் அப்படியே நம்பிவிட்டது. எனக்கு ஒரே சிரிப்பு. இரண்டு வாரம் கழித்து அதே மாதிரிப் பொய்யை வைத்தபோது தூரம் பார்த்து ஒதுக்கிவிட்டது. பரவாயில்லை, புத்திசாலிப் பிள்ளை என்று நினைத்துக்கொண்டேன்.

இதெல்லாம் எதற்கென்றால், எங்களுக்குப் பக்கத்தில் தோப்பும்படியில் ஒரு கண் ஆஸ்பத்திரி. தமிழ்நாட்டிலிருந்து நிறையப் பேர் கண் ஆப்பரேஷனுக்கு வருகிறார்கள். ஒரு கண்ணில் கட்டோடு, பாஷை தெரியாமல், வண்டிக்கும் ரூமுக்கும் கஞ்சிக்கும் அலைகிறார்கள். போனில் தமிழில் சொன்னால் போதும், மூன்றையும் ஏஜென்ட் தேடிச் சேர்த்துக் கொடுக்கும். முத்து சோதித்துப் பார்த்து, சரி என்று கீழே தன் பெயரைப் போட்டால்தான் ஆஸ்பத்திரிக்குப் போகும். அவள் வேலை ஒப்பந்த வேலை. இது முடிந்தபின் அவளை வைத்துக்கொள்வார்களா என்பது பெங்களூரில் இருக்கிற மேனேஜர் பையன் கையில். அவனுக்கு அவசரம். ஆஸ்பத்திரிக்கு நாள் சொல்லிவிட்டான்.

3

நம் ஊரில் புது முகத்தைக் கண்டால் 'நீ யாரு மக?' என்றுதான் கேட்பார்கள். பதிலைச் சொன்னால் தண்ணீர் வரும், பாய் வரும். இங்கே அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. நான் வந்த முதல் மழைக்காலத்தில் கிட்டங்கியில் ஒரு பெட்டி சரிந்து என் வீட்டுக்காரரின் பாதத்தில் விழுந்தது. ஆஸ்பத்திரியில் எந்த ஜன்னலில் சீட்டு வாங்குவது என்று எனக்குத் தெரியவில்லை. கேட்டால் பதில் சொல்கிறார்கள், அந்தப் பதில் புரியவில்லை. சுவர் ஓரமாக உட்கார்ந்து அழுதேன். தரை கூட்டிக்கொண்டிருந்த ஒரு தென்காசிக்காரி, நான் அழுகிற ராகத்தை வைத்தே ஊரைக் கண்டுபிடித்து, கையைப் பிடித்து டாக்டரிடம் கொண்டு நிறுத்தினாள்.

அதற்குப் பிறகு நான் ஆள் சேர்க்க ஆரம்பித்தேன். ரேஷன் ஆபீஸில் ஒருவர், பள்ளிக்கூடத்தில் ஒருவர், படகுத் துறையில் ஒருவர். பிரசவத்துக்குப் போய் நிற்பேன், எலுமிச்சை ஊறுகாய் கொடுத்தனுப்புவேன், பிள்ளைகள் பெயரை மறக்கமாட்டேன். அப்புறம் என் பிள்ளைகளுக்கு ஒரு காரியம் என்றால் முன்கூட்டியே போய்ச் சொல்லி வைப்பேன். ஐந்து பேரும் படித்து, வேலைக்குப் போய், கல்யாணம் கட்டியது இப்படித்தான். சொல்லி வைக்கத் தெரியாதவள் இந்த ஊரில் தாயாக இருக்க முடியாது.

ஆகவே முத்துவின் கடைசிச் சோதனை மட்டாஞ்சேரியில் எங்கள் தெருவைச் சுற்றித்தான் என்று காதில் விழுந்ததும் நான் செருப்பை மாட்டிக்கொண்டேன்.

முதலில் ஆட்டோக்கார ஷம்சு. "ஏ ஷம்சு, ஒரு மிஷினு ஒன்னயக் கூப்பிடும். பொம்பளக் குரலு. நான் ஆளில்ல, கருவின்னு அதுவே முதல்ல சொல்லிரும். என் முத்துவோடது. கூப்பிட்டா உடனே போயி நிக்கணும், மானத்த வாங்கிராத."

"முத்துவின்டெ மிஷினானோ? அப்ப வண்டியக் கழுகிட்டே வராம் அம்மே."

அடுத்து, ரூம் வாடகைக்கு விடுகிற ஃபிலோமினா. விஷயத்தைக் கேட்டுவிட்டு, "புது பெட்ஷீட் விரிக்கணுமோ பேச்சி சேச்சி?" என்றாள்.

"விரி."

"மிஷின் உறங்குமோ?"

"உறங்காது. ஆனா எல்லாத்தையும் எழுதி வெச்சிக்கிடும்."

ஃபிலோமினா ஜன்னல் திரையையும் கழற்றித் துவைத்துவிட்டாள். மூன்றாவது, கஞ்சிக்கடை மாடசாமி, ராஜபாளையத்துப் பையன். அவனுக்கு நான் ஒரு வார்த்தைக்கு மேல் சொல்ல வேண்டியிருக்கவில்லை. "முத்தக்கா காரியமா? அடுப்ப அணைக்கவே மாட்டேன் பெரியம்மா" என்றான்.

வீட்டுக்கு வந்து ஒன்றும் தெரியாதவள் மாதிரிக் கீரை ஆய்ந்தேன்.

4

சோதனை மூன்று காலை நடந்தது. ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் மாதிரி நடிக்க ஆபீஸிலிருந்து இரண்டு பேர் வந்திருந்தார்கள். ஏஜென்ட் வண்டி கேட்டால் வண்டி நிற்கிறது. ரூம் கேட்டால் ரூம் மணக்கிறது. கஞ்சி ஆவி பறக்க வருகிறது. மூன்றாம் நாள் பெங்களூர்க்காரர்கள் திரையில் வந்து கை தட்டினார்கள். மேனேஜர் பையன் முத்துவின் பெயரைச் சொல்லிச் சொல்லிப் பாராட்டினான். நான் கேசரி கிண்டினேன்.

முத்து மட்டும் கேசரியைத் தொடவில்லை.

"ஒருத்தரும் கேன்சல் பண்ணல. ஒருத்தரும் லேட்டாகல. இது கொச்சியா அம்மே?"

"நல்லா நடந்தா சந்தோசப்படணும். தோண்டக் கூடாது."

"தோத்தத எல்லாரும் கேப்பாங்க. ஜெயிச்சதத்தான் நான் கேக்கணும்."

அது அவள் வழக்கம். ஏஜென்ட் பேசின பேச்செல்லாம் பதிவாகி இருக்கும். ஜெயித்த அழைப்புகளைத்தான் முதலில் எடுப்பாள். அன்றைக்குக் காதில் மாட்டாமல் ஸ்பீக்கரில் போட்டாள். முதலில் ஷம்சு: "வேறொரு ஓட்டம் உண்டாயிருந்நு, அது கேன்சல் செய்து. முத்துவின்டெ மிஷினல்லே, டென்ஷன் வேண்டா, கேட்டோ." அதற்கு ஏஜென்ட், "நன்றி, ஐந்து நிமிடத்தில் வந்துவிடுவீர்களா?" என்று கேட்கிறது. அடுத்து மாடசாமி: "பெரியம்மா சொல்லிட்டாங்க தாயி. நீ எத்தன பேருக்கு வேணாலும் கேளு."

முத்து ஸ்பீக்கரை நிறுத்தினாள்.

"அம்மே. யார்கிட்டல்லாம் சொன்ன?"

"எல்லார்கிட்டயுந்தான் சொன்னேன். ஏன், எவனாவது கொறச்சுட்டானா?"

அவள் எழுந்து தெருவில் இறங்கிப் போனாள். நானும் பின்னாலேயே போனேன். ஷம்சு ஸ்டாண்டில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான். யாருடைய சவாரியைக் கேன்சல் செய்தீர்கள் என்று முத்து கேட்டாள்.

"ஆரோ ஒரு தமிழ்நாட்டுக்காரி. கூட அவளோட அப்பன், கண்ணில் கெட்டு உண்டு. பாவம், வெயிலத்து நிந்நு. சாரமில்ல, வேற வண்டி கிட்டிக்காணும்."

பரவாயில்லை, வேறு வண்டி கிடைத்திருக்கும் என்று என் முன்னால் நின்றுகொண்டு, துணியைப் பிழிந்துகொண்டே சொன்னான். அவன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. நான் சொன்னதைத்தான் அவன் செய்திருந்தான். யாரோ ஒரு தமிழ்நாட்டுக்காரி.

திரும்பி வரும்போது முத்து சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன். "யாரையும் தெரியாதவங்களுக்குத்தான் அம்மே இது," என்றாள். "தெரிஞ்சவங்களுக்கு நீ ஒருத்தி போதுமே, மிஷின் எதுக்கு?"

தப்புச் செய்தேன் என்று நான் அவளிடம் சொல்லவில்லை. இப்போதும் சொல்லமாட்டேன். பிள்ளைக்காகச் சொல்லி வைப்பது தப்பென்றால் எந்தத் தாயும் தப்புக்காரிதான். ஆனால் அந்தக் கேசரியை நானும் சாப்பிடவில்லை.

மறுநாள் பெங்களூருக்கு அவளே சொல்லிவிட்டாள்: மூன்று நாளும் செல்லாது. மேனேஜர் பையன் இங்கிலீஷில் குதித்தான். எனக்கு இங்கிலீஷ் தெரியாது, ஆனால் திட்டுவது எந்தப் பாஷையிலும் தெரியும். பாஸான பரீட்சையை நீயே ஃபெயிலாக்குகிறாயா, ஆஸ்பத்திரிக்கு யார் பதில் சொல்வது, உன் ஒப்பந்தத்தை நான் யோசிக்க வேண்டியிருக்கும் என்றானாம். முத்து தமிழிலும் மலையாளத்திலும் பேசாத ஒரு குரலில், மெதுவாக, ஒரே வரியைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். பிறகு அதற்கு அர்த்தம் கேட்டேன். "எனக்குத் தெரியாத ஒண்ணுக்கு என் பேரப் போட மாட்டேன்" என்பதுதானாம். கடைசியில் அவன் ஒரே ஒரு தடவை திரும்பச் சோதிக்க ஒப்புக்கொண்டான்.

நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். இவளை வளர்த்தது நான் என்று யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. பக்கத்தில் யாரும் இல்லை.

5

"ஆள் வேணும் அம்மே. மலையாளம் தெரியாத, இங்க யாரையும் தெரியாத, வயசான ஆள். ஆபீஸ்ல இருந்து நடிக்க வர்றவங்களுக்கு அலையத் தெரியல."

"அப்படியொரு ஆளுக்கு எங்க போவ?"

"நீதான்."

"எனக்கா யாரையும் தெரியாது?"

"தெரியாதவளா இருக்கணும். மலையாளம் பேசக் கூடாது. யாரோட அம்மான்னு சொல்லக் கூடாது. பிள்ளைங்க இருக்குன்னே சொல்லக் கூடாது. சொன்னா, உங்க பிள்ளையக் கூப்பிடுங்கன்னு எல்லாரும் ஒதுங்கிடுவாங்க, ஏஜென்ட்டுக்குப் பரீட்சையே இல்லாமப் போயிடும். உன்னால முடியாது, இருந்தாலும் கேக்கறேன்."

"முடியாதா? அஞ்சு பேர வளத்தவ நான்!"

"அதத்தான் சொல்லக் கூடாதுங்கறேன்."

இப்படித்தான் நான் ஒரு கண்ணில் பஞ்சு வைத்துக் கட்டிக்கொண்டு, துணிப்பையும் போனுமாகத் தோப்பும்படியில், பாலத்துக்கு இந்தப் பக்கம் பஸ் ஸ்டாப்பில் இறங்கினேன். முத்து எங்கேயோ தள்ளி உட்கார்ந்து போன் வழியாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். வாயைத் திறக்கமாட்டேன் என்று அவளும் சொல்லியிருந்தாள்.

போன் பேசியது. "வணக்கம் அம்மா. நான் மனிதர் இல்லை, உங்களுக்காக ஏற்பாடுகள் செய்யும் கருவி. என்ன வேண்டும் என்று சொல்லுங்கள்."

"கண்ணு ஆஸ்பத்திரிக்கு வந்துருக்கேன். தங்க எடம் வேணும், படியேற முடியாது. மத்தியானத்துக்குக் கஞ்சி வேணும்."

கொஞ்ச நேரத்தில் வண்டி வருகிறது என்றது. வண்டி வரவில்லை. வெயில் உச்சந்தலையில் இறங்கியது. ஓட்டுநர் ரத்து செய்துவிட்டார், வேறு வண்டி தேடுகிறேன் என்றது. எதிரே ஸ்டாண்டில் நாலு ஆட்டோ நிற்கிறது, அதில் ஒருவனுடைய தாயின் ஈமக் காரியத்துக்கு நான் போயிருக்கிறேன். கை தட்டினால் வந்துவிடுவான். பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அந்த நேரம் பார்த்துத்தானா தங்கம்மா வர வேண்டும்? என்னோடு சுக்குப் பொறுக்கினவள், இப்போது ஹார்பரிலிருந்து மீன் எடுத்துத் தலைச்சுமையாக விற்கிறாள். "பேச்சி சேச்சியே!" என்று தெருவெல்லாம் கேட்கக் கூப்பிட்டுக்கொண்டு வந்தாள். "கண்ணுக்கு எந்து பற்றி? ஆரும் கூட வந்நில்லே?"

கண்ணுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டவளை நான் ஒரு கண்ணால் பார்த்தேன். "யாரும்மா நீங்க? எனக்கு ஒங்களத் தெரியாதே."

தங்கம்மாவின் முகம் மாறிவிட்டது. ஆள் மாறிப்போயிற்று என்று முனகிக்கொண்டு நடந்தாள். போகிற வழியில் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தாள். அப்புறம் ஒரு வாரம் அவள் எனக்கு மீன் தரவில்லை, வீடு தேடிப் போய்ச் சமாதானம் செய்தேன், அது வேறு கதை.

இரண்டாவது ஆட்டோ வந்தது. பாதி வழியில் போன், "பேசி வைத்த அறையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள், வேறு அறை தேடுகிறேன்" என்றது. அது வேறொரு வீட்டுக்காரரோடு பேசுவது எனக்கும் கேட்டது. படி உண்டா என்று கேட்டது. அந்த ஆள் மழுப்பினார். எத்தனை படி என்று விடாமல் கேட்டது. மாடி அறை என்று தெரிந்ததும் நன்றி சொல்லி விட்டுவிட்டது. எனக்கு அதன்மேல் கொஞ்சம் மரியாதை வந்தது. நானாக இருந்தால் அவரோடு சண்டை போட்டிருப்பேன். மூன்றாவது இடத்தைப் பிடித்து, ஆட்டோக்காரரிடம் வழி மாற்றிச் சொன்னது.

ஒரு சந்தின் கடைசியில் ஓட்டு வீடு. தரையோடு தரையாக ரூம். என் வயதுக்காரி ஒருத்தி வாசலில் நின்றாள். என் கட்டைப் பார்த்தாள், பின்னால் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தாள்.

"கூடெ ஆரும் இல்லே? மக்களில்லே?"

எனக்குப் புரியாத மாதிரி நின்றேன். அதுதானே ஏற்பாடு. ஆனால் போன் விடவில்லை. சுத்தமான தமிழில், "உங்களுடன் யாரும் வரவில்லையா, உங்களுக்குப் பிள்ளைகள் இல்லையா என்று கேட்கிறார்" என்று எடுத்துச் சொன்னது.

முத்து அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்பது எனக்குத் தெரியும். ஐந்து பேர் பெயரும் பிறந்த வரிசையில் நாக்கு நுனிக்கு வந்து நின்றது. விழுங்கினேன்.

"இல்ல," என்றேன். "யாரும் இல்ல."

அந்த அம்மாள் அதற்கு மொழிபெயர்ப்பைக் கேட்கவில்லை. என் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு, முழங்கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். கட்டிலில் உட்கார வைத்துச் சீரக வெள்ளம், நம் சீரகத் தண்ணீர்தான், கொடுத்தாள். பாதி குடித்து டம்ளரைக் கீழே வைத்தேன். பொய் சொன்னதற்காக அல்ல. அந்த ஆஸ்பத்திரிச் சுவர் ஓரம் உட்கார்ந்திருந்தவள் எங்கேயோ போய்விட்டாள் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். அவள் இங்கேதான் இருந்திருக்கிறாள்.

மத்தியானமாயிற்று. கஞ்சி வரவில்லை. போனைக் கேட்டேன்.

"கஞ்சி கொடுக்கப்பட்டுவிட்டது அம்மா."

"யாருக்குக் குடுத்த?"

"கஞ்சி கொடுக்கப்பட்டுவிட்டது."

"நான் இங்கன வெறும் வயித்தோட உக்காந்துருக்கேன். யாரு குடிச்சா?"

கதவு படாரென்று திறந்தது. முத்து ஓடி வந்தாள், முகமெல்லாம் சிரிப்பு. "கெடச்சிடுச்சு அம்மே!"

"கஞ்சியா?"

"தப்பு!"

ரூம் மாறினதை ஏஜென்ட் ஆட்டோக்காரருக்குச் சொல்லியிருக்கிறது. கஞ்சிக்காரருக்குச் சொல்லவில்லை. அவர் பாவம் முதல் ரூமில் போய்க் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். ஒவ்வொரு வேலையும் தனித்தனியாகச் சரி, ஒன்று நகர்ந்தால் மற்றதையும் நகர்த்த வேண்டும் என்பது அதற்குத் தெரியவில்லை. எங்கள் தெருவில் ஒருத்தரும் அதனிடம் முடியாது என்று சொல்லவே இல்லையே, அதனால் எதுவும் மாறவில்லை, இந்தத் தப்பும் வெளியே வரவில்லை. நான் சொல்லி வைத்த மூன்று நாளை அவள் ஒத்துக்கொண்டிருந்தால், கண்ணில் கட்டோடு எவளோ ஒருத்தி பட்டினியாக உட்கார்ந்திருப்பாள், போன் அவளிடம் கொடுக்கப்பட்டுவிட்டது, கொடுக்கப்பட்டுவிட்டது என்று சொல்லிக்கொண்டிருக்கும்.

வீட்டுக்கார அம்மாளுக்கு முத்து விஷயத்தை விளக்கி, நாள் வாடகையையும் கொடுத்தாள். அந்த அம்மாள் என்னை முறைத்தாள். "அப்போ மக்களில்லன்னு சொன்னது கள்ளமானோ?"

சோதனை முடிந்துவிட்டது அல்லவா? கண் கட்டை அவிழ்த்தேன். வாய் திறந்தேன். ஐந்து பேர் பெயரையும், யார் எங்கே, என்ன வேலை, எத்தனை பிள்ளை என்பதையும் மலையாளத்திலேயே சொல்லி முடித்தேன். அந்த அம்மாள் அவியலும் சோறும் போட்டாள். முத்து போனைத் தட்டிக்கொண்டே தின்றாள்.

6

சோதனை தோற்றது என்று முத்து எழுதி அனுப்பினாள். இந்தத் தடவை மேனேஜர் பையன் குதிக்கவில்லை. பெங்களூரில் அதைச் சரி செய்ய மூன்று வாரம் ஆயிற்று, ஆஸ்பத்திரிக்குச் சொன்ன நாள் போயே போய்விட்டது. பிறகு வேறு இடத்தில், வேறு ஆளை வைத்துச் சோதித்தாள். எங்கே, யார் என்று என்னிடம் மூச்சு விடவில்லை. வண்டியும் மாறியது, ரூமும் மாறியது, கஞ்சி மாறின வாசலுக்கே வந்தது. அன்றைக்குத்தான் கீழே தன் பெயரைப் போட்டாள். ஒப்பந்தத்தையும் நீட்டினார்கள். நன்றி என்று ஒரு வார்த்தை அவர்கள் சொன்னதாகத் தெரியவில்லை. அது அவர்கள் வளர்ப்பு.

போன வாரம் படகுத் துறையில் நின்றிருந்தேன். வேட்டி கட்டின ஒருவர், கண்ணில் கட்டோடு அவர் சம்சாரம். பேச்சு நம் பக்கத்துப் பேச்சு. அவர் போனை வாய்க்கு நேரே பிடித்து, "வீட்டுக்காரிக்குக் கண்ணு ஆப்பரேசன் ஆயிருக்கு, படியில்லாத ரூமா வேணும்யா" என்று அந்தக் கருவியை 'ஐயா' போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போனேன். அன்றைக்குப் பரீட்சை ஒன்றும் இல்லை, நான் ஏன் வாயை மூட வேண்டும்?

"எய்யா, இத சரிபாத்தது என் மகதான்," என்றேன். "முத்துலட்சுமி. நான் பெத்தவ."

"அப்படியாம்மா, நல்லது," என்றார் அவர். மேலே ஏதாவது கேட்பார் என்று நின்றேன். அதற்குள் ஆட்டோ வந்துவிட்டது. சம்சாரத்தைத் தாங்கி ஏற்றினார், பையைத் தூக்கி வைத்தார், போய்விட்டார்கள். அவர்களுக்கு என்னிடம் கேட்க ஒன்றும் இல்லை. என் தயவு வேண்டியிருக்கவில்லை. ஐம்பது வருஷத்தில் ஓர் ஊர்க்காரர் இந்தத் துறையில் இறங்கி, என்னை ஒன்றும் கேட்காமல் போனது அதுதான் முதல் தடவை. வண்டி திரும்புகிற வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றேன். அவ்வளவு பெருமையாக இருந்தது.

இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. எழுதி முடித்தாயா அனகா? எங்கே, தலையிலிருந்து ஒரு தடவை வாசி. திக்காமல் வாசி. மெதுவாக எதற்கு முணுமுணுக்கிறாய்? அந்தத் தெருப் பக்கத்து ஜன்னலை நன்றாகத் திறந்து வைத்துவிட்டு வாசி.